முகக்கவசமும் நம் இளைஞரும்



கல்வி, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு எனப் பெரும் பொருள்களைப் பற்றி ஆன்றோர் பலர் இவ்விழாவில் பேசியிருக்கின்றனர். நமக்குக் கிடைத்த பொருளோ ஒரு சாண் துணி. கொரோனாப் பெருந்தொற்றின்போது நம் இளைஞர் முகக்கவசத்தை எவ்வாறு கையாண்டனர் என்று எண்ணிப் பார்க்குமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். முடிந்துபோன நோயைப் பற்றி இன்று பேசுவானேன் என்று சிலர் கருதலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் நெருக்கடி நிலை நீங்கியதாக அறிவித்தது உண்மையே. ஆயினும் காற்றின் வழியே பரவும் நோய்கள் நம் தெருக்களை விட்டு நீங்கிவிடவில்லை. அன்று நாம் கொண்ட பழக்கம் எத்தகையது என்பதை ஆராய இதுவே தக்க வேளை.

தமிழ்நாட்டில் முதன்முதலாக இந்நோய் கண்டறியப்பட்டது 2020 மார்ச்சு 7 அன்று. ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய அவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். அவர் சில நாள்களில் நலமடைந்தார். அத்திவரதரைக் காண ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து சென்ற ஊர், அடுத்த ஆண்டே வெறிச்சோடியது. காந்தி சாலையின் பட்டுக் கடைகள் மூடின, தறிகள் ஓய்ந்தன, கோயில்கள் அடைபட்டன. 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்தால் நமக்குத் திறந்த வாயில், 2020-இல் எல்லாச் சாதியார்க்கும் ஒருசேரச் சாத்தப்பட்டதை நம் முதியோர் சிலர் ஒரு புன்னகையோடு கண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

அக்காலத்தில் நம் இளைஞரிடம் கண்ட காட்சிகளை மறைப்பானேன்? கவசம் மோவாயில் தொங்கியது. பேச வாயெடுக்கும்போது, அதாவது அது மிகவும் வேண்டிய அந்நொடியில், கீழே இறக்கப்பட்டது. தொலைவில் காவலரைக் கண்டதும் மூக்கின் மேல் ஏறியது. அவர் கடந்ததும் ஒரு காதில் ஊசலாடியது. ஒரே கவசம் சட்டைப்பையில் மடிந்து கிடந்து வாரக்கணக்கில் உழைத்தது. 2020 செப்டம்பரில் தமிழக அரசு, பொது இடத்தில் கவசம் அணியாதார்க்கு 200 ரூபாயும், எச்சில் துப்புவோர்க்கு 500 ரூபாயும் தண்டம் விதித்தது. அதன்பின் பலர் நோய்க்கு அஞ்சாமல் 200 ரூபாய்க்கு அஞ்சி அணிந்தனர்.

இது நம் ஊருக்கே உரிய குறை என்று எண்ண வேண்டா. 1918-ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே காய்ச்சலின்போது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அங்குள்ளோர் 1919 சனவரியில் அதை எதிர்க்கவே ஒரு சங்கம் அமைத்தனர்.

ஆனால் நம்மவர் தயக்கத்திற்கு வேறொரு வேரும் உண்டு. இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஐயா, எங்கள் தாத்தா வாயைப் பொத்தி நின்றது போதாதா? நாங்களும் மூட வேண்டுமா?” விளையாட்டாகக் கேட்டதாகத் தோன்றவில்லை. பண்ணையார் முன் மேல்துண்டை அக்குளில் இடுக்கி, கைகட்டி, வாய் பொத்தி நின்ற தலைமுறையின் பேரன் அவர். ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லும் அவர் காதில் இனிமையாக ஒலித்திராது. இடைவெளி விட்டு நிற்கச் சொல்லியே நம்மை ஊருக்கு வெளியே குடிவைத்தனர். உலக நலவாழ்வு நிறுவனமே 2020 மார்ச்சில் அச்சொல்லைத் தவிர்த்து, உடலளவிலான இடைவெளி என்று வழங்கத் தொடங்கியது நல்லதாயிற்று.

அவ்விளைஞரின் கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். பேஷ்வாக்கள் ஆட்சியில், புனே நகரில், தீண்டப்படாதார் தம் எச்சில் மண்ணில் விழுந்து பிறர் மிதித்துத் தீட்டாகாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிச் செல்ல வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் எடுத்துக்காட்டுகிறார். அங்கே ஒருவன் எச்சில் மட்டும் தீட்டு. மற்றவன் எச்சில் தூய்மை. வாய் பொத்தி நின்றதும் அவ்வாறே. பண்ணையார் நம் முன் வாய் பொத்தியதில்லை. 2020-இன் சட்டமோ எவர் துப்பினும் 500 ரூபாய் என்றது. மாவட்ட ஆட்சியரும் மூடினார், மடத்திலிருப்போரும் மூடினர், தெருக் கூட்டுவோரும் மூடினர். நாம் அணியும் கவசம் பெரிதும் எதிரிலிருப்பவரைக் காக்கிறது. அவர் அணிவது நம்மைக் காக்கிறது. எதிரிலிருப்பவர் மூடாதிருக்க நம்மை மட்டும் மூடச் சொன்னால் அந்த இளைஞரின் சினம் முறையானதே. அவ்விடத்தில் அவரையும் மூடச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இக்கவசத்தின் வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிதல் நன்று. 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக்கு பரவியது. பினாங்கில் பிறந்த சீன மருத்துவர் வூ லியன்தே அங்கு அனுப்பப்பட்டார். அப்போது அவர்க்கு வயது 31. நோய் மூச்சின் வழிப் பரவுகிறது என உணர்ந்து, மெல்லிய துணி அடுக்குகளுக்கிடையே பஞ்சு வைத்த கவசத்தை மருத்துவர், பணியாளர் அனைவரும் அணியச் செய்தார். மெசனி என்னும் மூத்த பிரெஞ்சு மருத்துவர், ஓர் இளஞ்சீனன் சொல்லைத் தாம் கேட்பதா எனச் சீறினார் என்று வூ தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். கவசமின்றி நோயாளரைப் பார்க்கச் சென்ற மெசனி 1911 சனவரியில் அந்நோய்க்கே இரையானார். சொல்பவன் பிறப்பைப் பார்த்து அறிவை ஒதுக்கும் வழக்கத்தை நாம் நன்கு அறிவோம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். ஆறடி விலகி நிற்க என்றனர். கோர்வைப் புடவை நெய்யும்போது நெசவாளர் நடுவிலும், கரைநாடாவைத் தள்ளும் துணையாள் ஓரத்திலும் அமர வேண்டும். புடவையின் அகலமோ ஏறத்தாழ நான்கடி. துணையாளாக அமர்பவர் பெரும்பாலும் இளைஞர். நெய்பவர் வயது முதிர்ந்தவர். தறியும் அடுப்பும் பாயும் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டில் நோயுற்றவரைத் தனியறையில் வைப்பது எங்ஙனம்? இடைவெளிக்கு இடம் வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். அவ்விரண்டும் இல்லாதவர்க்குக் கைக்கெட்டியது துணியும், திறந்த சன்னலுமே. தறிக்குழியின் வெக்கையில் மூக்கை மூடி அமர்வது துன்பம் என்பதை நாம் மறுக்கவில்லை. அத்துன்பத்தை ஏற்ற பேரனும் பேத்தியும் தம் பாட்டனைக் காத்தனர் என்றே கொள்கிறோம்.

பட்டு நெய்யும் ஊரார் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் பல துணிகளைச் சோதித்து, நெருக்கமாக நெய்த பருத்தியோடு பட்டைச் சேர்த்தடுக்கினால் நுண்துகள்கள் நன்கு வடிகட்டப்படுவதாக எழுதினர். கவசத்தின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அத்திறன் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறையக்கூடும் என்பதும் அவர்கள் கண்டதே. மணப்பெண்ணின் கூறைக்கேற்ற நிறத்தில் கவசம் தைத்து, மூக்கிற்குக் கீழே அணிந்தோர் இதைக் கேட்க வேண்டும்.

இன்று செய்யத் தக்கது யாது? கொரோனா அடங்கினும் காசநோய் அடங்கவில்லை. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். காற்றோட்டமற்ற நெருக்கமான வீடும், போதாத உணவும் அதற்கு உறவினர். அவ்வுறவு நம் தெருக்களில் யாருக்கு மிகுதி என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கட்டணமின்றிச் சளிப் பரிசோதனை செய்வர். இருமுகின்றவரை ஒதுக்கி அவர் குவளையைத் தனியே வைக்கும் கொடுமையை நாமும் நம்மவர்க்குச் செய்தல் ஆகாது. காசநோய் குவளையால் பரவுவதன்று. அவர்க்கொரு கவசம் தருக, சன்னலைத் திறந்து வைக்க, மருந்தை இடையில் நிறுத்தாமல் உண்ணச் செய்க.

பயன்படுத்திய கவசத்தைத் தெருவில் எறியும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அதைக் குனிந்து எடுப்பவர் எவர்? இவ்வவையில் அமர்ந்துள்ளோரில் சிலருடைய தாயும் தந்தையும் அப்பணியில் இருக்கின்றனர். பெருந்தொற்றின்போது மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கவசத்தை வெட்டிக் காகித உறையிலிட்டு 72 மணி நேரம் வைத்திருந்த பின்னரே குப்பையில் சேர்க்குமாறு அறிவுறுத்தியது. துணிக் கவசமாயின் சோப்பு நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி மீண்டும் அணியலாம். தையல் கற்ற நம் பெண்கள் மூன்றடுக்குத் துணியில் வீட்டிற்கு ஐந்தாகத் தைத்துக் கொடுக்க முன்வந்தால், துணிக்கு ஆகும் செலவை விழா நிதியில் எஞ்சும் தொகையிலிருந்து வழங்குமாறு ஆட்சிக்குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.