முட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்



முதலைப் பண்ணைக்கு வருகிறவர்கள் வேலியோரம் நின்று முதலில் கேட்பது, "இது உயிரோட இருக்கா, பொம்மையா?" என்றுதான். அங்கே வழிகாட்டியாக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். ஆடாமல் அசையாமல் கிடக்கும்போதும் முதலைக்குக் காது விழித்தேதான் இருக்கும். இன்று அதன் அமெரிக்க உறவுக்காரரான அலிகேட்டரைப் பற்றிப் பேசப்போகிறேன். அகன்ற மூக்கு, வாயை மூடினால் கீழ்ப்பல் வெளியே தெரியாது. அடையாளத்துக்கு இது போதும், குரலுக்கு வருவோம்.

ஃபுளோரிடா சதுப்புகளில் ஏப்ரல், மே மாதங்கள் அவற்றுக்கு இணை தேடும் காலம். ஆண் அலிகேட்டர் தலையையும் வாலையும் நீருக்கு மேலே தூக்கி மூச்சை இழுத்து நிறுத்தும். நம் காதுக்கு எட்டாத அடித்தொனி ஒன்று முதலில் கிளம்பும். அந்த அதிர்வில் முதுகின் மேல் தண்ணீர் துளித்துளியாகத் துள்ளும்! அதன் பிறகே முழக்கம். ஒன்று தொடங்கினால் போதும், சுற்றுவட்டாரமே பதில் கொடுக்கும். அலிகேட்டர் காதை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதன் தாடையோரம் சின்னச்சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். நீரின் மெல்லிய சலனத்தையும் அவை உணர்கின்றன என்று 2002-இல் டாஃப்னே சோரஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். இருட்டிலும் அலிகேட்டர் இரை இருக்கும் பக்கம் திரும்புவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த குரல் வேறொன்று. தாய் அலிகேட்டர் இலைதழைகளைக் குவித்து மேடு கட்டி, முப்பது நாற்பது முட்டை இட்டு மூடிவிடும். தழை மக்கும் சூடு முட்டைகளைக் காக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் அந்தச் சூட்டைப் பொறுத்ததே: 30 டிகிரியை ஒட்டி இருந்தால் பெண்கள், 33-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண்கள். சுமார் 65 நாள் கழித்து, ஓடு உடையும் முன்பே உள்ளேயிருந்து குஞ்சுகள் கூப்பிடும். தாய் ஓடி வந்து மேட்டைப் பறிக்கும். பொரியாத முட்டையை வாயில் வைத்து, நாக்கால் மேலண்ணத்தில் மெல்ல அழுத்தி உடைத்துவிடும். குஞ்சுகளை வாயிலேயே சுமந்து தண்ணீரில் விடும். ஆமையோட்டை நொறுக்குகிற தாடை, நேயர்களே!

இதைச் சொன்னபோது கூட்டத்தில் நின்ற ஒரு பாட்டி, "கோழிக்குஞ்சும் அப்படித்தானே தம்பி, ஓட்டுக்குள்ள இருந்தே கத்தும்" என்றார். நூற்றுக்கு நூறு சரி. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் முதலைகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் பறவைகள்தாம். எங்கள் பராமரிப்பாளர் ஒருவர் குஞ்சின் சத்தத்தைத் தொண்டையிலிருந்து அப்படியே எழுப்புவார். கரையில் கிடக்கும் நம்மூர்ச் சதுப்புநில முதலை சட்டென்று தலையைத் தூக்கும்.

நம்மூர் முதலையில் தகப்பனும் பிள்ளை வளர்க்கும். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ராமுலஸ் விட்டேக்கர் முதலிய ஆய்வாளர்கள் இதைப் பார்த்து 1986-இல் எழுதினார்கள்: ஆண் முதலையே கூட்டைத் திறந்து குஞ்சுகளை வாயில் ஏந்திப் போயிருக்கிறது.

நேரம் நெருங்குகிறது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் அலிகேட்டர் தோண்டும் பள்ளங்களில் வறண்ட காலத்திலும் தண்ணீர் நிற்பது, மீனும் பறவையும் அங்கே ஒதுங்குவது எல்லாம் இன்னொரு நாளைக்கு. தோலுக்காகக் கொன்று குவித்ததால் 1967-இல் அழியும் இனப்பட்டியலில் சேர்ந்த அலிகேட்டர், காப்பாற்றியதால் 1987-இல் அதிலிருந்து மீண்டது.

அசைகிறதா என்று பார்க்கக் கல் எறிகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அடுத்த முறை நீங்கள் வரும்போது வேலியோரம் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கூடவே குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். பொரிக்கும் பருவமாக இருந்தால் உங்களுக்கும் அந்தக் குரல் கேட்கும் என்று நம்புகிறேன்.