கடிதம் அடிக்கிற மென்பொருளில் நமக்கு எது முதலில் வேணும்?

(கூட்டமைப்பு கணினிப் பயிற்சியில் பேசியது)



நம்ம கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். அதிலே கடிதம் அடிக்க லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இருக்கு. திரையில் பார்க்கிற மாதிரியே பேப்பரில் வரும். "கடையில எல்லாரும் வச்சிருக்கிறதையே போட்டா என்னங்க?" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சில வருஷம் முன்னே நடந்ததைச் சொல்றோம். ஒரு குழுவின் கடன் தீர்மானத்தை டவுனில் தமிழில் அடித்து, பைலை வங்கிக்கு அனுப்பினோம். அங்கே திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தது. திரும்ப அடித்து, திரும்பக் கையெழுத்து வாங்க, பன்னிரண்டு பேரும் ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தாங்க. கறவை மாட்டுக் கடன் தள்ளிப்போச்சு.

தப்பு யாருடையது? பழைய எழுத்துருவுடையது. அதிலே நாம 'அ' அடித்தாலும், கம்ப்யூட்டர் உள்ளே வைத்துக்கொள்வது ஒரு ஆங்கில எழுத்தின் எண்ணை. மேலே தமிழ்ச் சட்டை மாட்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் சட்டை கழன்றுவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்குத் தனி எண்களே உண்டு. தமிழக அரசும் 2010-ல் அதை அங்கீகரித்தது. ஆகவே மென்பொருள் செய்கிறவர்களிடம் நாம முதலில் கேட்பது கலர் கலரான பட்டன் இல்லை. இன்னிக்கு அடித்த தமிழ் நாளைக்கு வேறு கம்ப்யூட்டரிலும் தமிழாகவே திறக்கணும்.

அடுத்தது பைல். ரைட்டர் சேமிக்கிற ஓடிஎஃப் முறைக்கான விதிகள் எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. 2006-ல் அது ஐஎஸ்ஓ தரமும் பெற்றது. வேறு மென்பொருள் செய்கிறவரும் அதைப் படித்து, நம்ம பைலைத் திறக்க வழி செய்யலாம். குழுப் பெட்டிச் சாவியை ஒருத்தர் கையிலேயே விடமாட்டோம் இல்லையா, அது போலத்தான். வங்கிக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க, எழுத்துருவும் கூடவே போகும். இந்த வசதி ரைட்டருக்கு முன்னோடியான ஓப்பன் ஆபிஸில் 2003-லேயே வந்துவிட்டது.

தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பட்டனைத் தட்டிக்கொண்டே போகிறவர்கள் கையைத் தூக்குங்க! எல்லாரும்தான், நாங்களும் அப்படித்தான் பழகினோம். ரைட்டரில் எஃப்11 அழுத்தினால் 'ஸ்டைல்' பட்டியல் வரும். 'இது தலைப்பு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். ஆண்டறிக்கையில் முப்பது தலைப்பு இருந்தாலும் ஒரே இடத்தில் அளவை மாற்றலாம். இவ்வளவு உபயோகமானதைப் புதுசா வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கலாம் என்பது எங்க கருத்து.

குறையும் இருக்கு. வெளியிலிருந்து வருகிற டாக்எக்ஸ் பைலைத் திறந்தால் சில சமயம் கட்டம் நகர்ந்துவிடுது. 'கொ'வை அழிக்கப் பேக்ஸ்பேஸ் தட்டினால் 'க' மட்டும் நின்றுவிடுது. மெனுவைத் தமிழில் வைத்தால் 'கோப்பு' புரிகிறது, சில சொற்கள் புரியவில்லை என்கிறீர்கள்.

இது எல்லாரும் சேர்ந்து செய்கிற மென்பொருள். குறையை எழுதி அனுப்ப நமக்கும் உரிமை உண்டு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, எந்த இடத்தில் கை நின்றதோ அதைத் துண்டுச்சீட்டில் எழுதிட்டு வாங்க. சேர்த்து அனுப்புகிறோம்.