கேட் ஸ்கோரும் ஒரு பொய்யும்

கேட் தேர்வுல எனக்கு வந்தது 100-க்கு 24. அப்பாகிட்ட "சர்வர் டவுன்"னு ரெண்டு நாள் பொய் சொன்னேன். மூணாவது நாள் அவரே, "சர்வரை விடு, சாப்பிட வா"ன்னார்.

அன்னைக்கு ராத்திரிதான் ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் விடைக்குறிப்பையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ரெண்டு மார்க் கொள்குறி வினாவில் ஒரு தப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு மார்க் போகும். குருட்டாம்போக்குல அடிச்சுத் தப்பானது மட்டும் 12. எட்டு மார்க் அங்கேயே காலி! விடையை எண்ணா டைப் பண்ற கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க்கே கிடையாது. அதுல ஒன்பதை, பாதிக் கணக்குப் போட்டும், பயந்துபோய் காலியா விட்டிருக்கேன். பாடமும் அரைகுறைதான், அதை மறைக்கல.

இப்போ ஞாயிறுதோறும் மூணு மணி நேர மாதிரித் தேர்வு. அப்பா டீயை வெச்சுட்டு, "சர்வர் ஓடுதா?"ன்னு கேட்டுட்டுப் போறார்.