அயலார் பொருட்டுப் பேசுதல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம் செயற்குழுவில் ஒரு விண்ணப்பம் படிக்கப்பெற்றது. மனித உரிமைக்கு உழைத்து, வழக்குற்று, விசாரணை தொடங்காமலே நெடுநாள் அடைபட்டிருப்போரை ஜாமீனில் விடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. கையொப்பம் இடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, யாம் பெரிதும் மதிக்கும் முதியவர் ஒருவர், "அவர்கள் நம்மவரா?" என்று வினவினார். குழு முடிவு செய்யாது கலைந்தது. அவ்வினாவுக்கு விடை கூறவே இன்று நிற்கின்றோம்.

வினா இழிவானதன்று. நம்மவர்க்கு உதவவே இச்சங்கம் தோன்றிற்று. சில ஆண்டுகட்கு முன் நம் குலத்து இளைஞர் இருவர் காவலில் வைக்கப்பட்டபோது வழக்கறிஞர்க்குப் பொருள் தொகுத்ததும், அவர்தம் அன்னையரை அழைத்துச் சென்று சிறைவாயிலில் நின்றதும் இச்சங்கமே. அந்நாளில் நமக்காக விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோர் பட்டியலை அண்மையில் எடுத்துப் பார்த்தோம். பாதிப் பெயர்கள் நம்மவர் பெயர்கள் அல்ல.

யாம் ஆண்டுதோறும் மாணாக்கர்க்குப் பயிற்றும் பாட்டொன்று புறநானூற்றில் உண்டு, 47ஆம் பாட்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார். அவ்விருவர்க்கும் உறவு யாது என்று பாட்டின் அடியிற் காணும் குறிப்புக் கூறவில்லை.

அவ்வுறையூர் உள்ள திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே, விரகாலூரில், 1937இல் பிறந்தவர் பாதிரியார் ஸ்டான் சுவாமி. சேசு சபையிற் சேர்ந்து, பல்லாண்டுகள் ஜார்க்கண்டுப் பழங்குடி மக்களிடையே வாழ்ந்தார். அவர் செய்த பணிகளுள் ஒன்றை நாம் சிறப்பாக நோக்கல் வேண்டும். வழக்கு முடியாமலே சிறைகளில் வாடிய பழங்குடி இளைஞர்களின் நிலையை ஆராய்ந்து வெளிப்படுத்தி, அவர்தம் விடுதலைக்கு முயன்றார். பிறரைச் சிறை மீட்க உழைத்த அவரே 2020 அக்டோபர் 8ஆம் நாள் ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமையாற் பிடிக்கப்பட்டார். வயது 83. பீமா கோரேகான் வழக்கில் மாவோயிஸ்டுத் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அவர் அதனை மறுத்தார். அவர் மறையும்வரை விசாரணை தொடங்கவே இல்லை.

இவ்வழக்கிற்குரிய சட்டம் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 2008இல் அதனைத் திருத்திச் சேர்த்த விதியின்படி, குற்றச்சாட்டு முதல் நோக்கில் மெய்யெனக் கருத இடமிருந்தாலே ஜாமீன் மறுக்கப்பெறும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் 180 நாள்வரை தவணை பெறலாம். ஆகவே தண்டனை தீர்ப்பிற்குப் பின் வருவதன்று; முன்னரே கழிந்துவிடுகின்றது.

முதியவர்க்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்கநோய். குவளையைக் கையில் ஏந்த இயலாது. நீர் பருக உறிஞ்சுகுழலும் சிப்பரும் வேண்டி நவம்பர் 6ஆம் நாள் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். சிப்பர் என்பது மூடியும் மூக்கும் உடைய குவளை. நம் வீட்டுக் குழந்தைகளின் பாலாடைக்கு உறவுடையது. மறுமொழி கூற முகமை 20 நாள் தவணை பெற்று, அப்பொருள்களைத் தாம் கைப்பற்றவில்லை என்று கூறிற்று. இதனைப் படித்த மக்கள், அவரை ஒருகாலும் கண்டறியாதவர்கள், தத்தம் ஊரிலிருந்து தலோஜாச் சிறைக்குச் சிப்பர்களை அஞ்சலில் விடுத்தனர். பின்னர்ச் சிறையிலேயே அவர்க்கு அது கிடைத்தது. உடன் சிறைப்பட்டோர் தமக்கு உணவு ஊட்டியும் நீராட்டியும் துணைநிற்பதாக அவர் எழுதிய மடல் யாம் மறத்தற்கரியது.

அம்முயற்சி அவரைக் காக்கவில்லை. இதனை மறைத்தல் முறையன்று. 2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. மே மாதம் மும்பை உயர்நீதிமன்றத்தில் காணொளி வாயிலாகத் தோன்றி, வரும்போது தாமே உண்டும் நடந்தும் இருந்ததையும், அவ்வாற்றல் தேய்ந்ததையும் கூறி, தம் மக்களோடு இருக்கவே விழைவதாகச் சொன்னார். ஜூலை 5ஆம் நாள், ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்றே, மருத்துவமனையிற் காலமானார். அதே வழக்கிற் சிறைப்பட்ட வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2021 டிசம்பரிலும், பேராசிரியர் ஆனந்த் டெல்டும்ப்டே 2022 நவம்பரிலும் ஜாமீனில் வெளிவந்தனர். கதவு திறந்தது நீதிமன்ற ஆணையால். எனினும் அத்துணைக் காலமும் அவர்தம் பெயர் மறவாது இருந்தது மடல் எழுதினோரால்.

2018 ஆகஸ்டில் இவ்வழக்கிற் பலர் பிடிபட்டபோது, வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் முதலிய ஐவர் உச்சநீதிமன்றத்தை அணுகினர். அயலார் இதிற் புகலாமோ என்று அரசுதரப்பு வினவிற்று. நம் செயற்குழுவில் எழுந்த வினாவும் இதுவே அன்றோ? மனு இறுதியில் வெற்றி பெறவில்லை. ஆயினும் அதன் பயனாய்ச் சிறைப்பட்டோர் சில கிழமைகள் சிறையிலன்றித் தம் இல்லத்திற் காவலில் இருந்தனர்.

குற்றவாளியாயின் என்செய்வது என்பார் உளர். ஜாமீன் கேட்டல் தீர்ப்புக் கேட்டலன்று. விரைந்து விசாரியுங்கள், இயலாதேல் வெளியே விட்டு விசாரியுங்கள் என்பதே நாம் வேண்டுவது. 2022 இறுதிக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் அடைபட்டோருள் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகளே. அவருள் நம்மவரும் இருப்பர்.

எழுதும் முறையைச் சுருங்கச் சொல்வோம். கைதியின் பெயர், சிறை, பிடிபட்ட நாள், வழக்கின் பிரிவு, கழிந்த நாட்கள் ஆகியவற்றைப் பிழையற எழுதுக. வசைமொழி ஒன்றும் வேண்டா. அது கைதிக்கே தீங்காகும். மறுமொழி வாராதாயின் அடுத்த திங்கள் மீண்டும் எழுதுக.

விண்ணப்பம் இன்று மீண்டும் குழுவின்முன் வருகின்றது. யாம் ஒப்பமிட்டுவிட்டோம். அஞ்சலட்டைகள் செயலாளரின் மேசைமேல் உள்ளன. ஞாயிறு மாலை மாணவர் விடுதிக் கூடத்தில் எழுத அமர்வோம். வினவிய பெரியவர் தம் கண்ணாடியுடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.