வானத்தில் விழும் திட்டு



கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவிப் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களில் சிலர் சுருள் ஃபிலிமோடு நிற்பதில்லை. 4-க்கு 5 அங்குலம், 8-க்கு 10 அங்குலம் என்று தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிமுக்குப் போய்விடுகிறார்கள். நெகட்டிவ் பெரிதாக இருப்பதால் நுணுக்கமெல்லாம் துல்லியமாக வரும். ஆனால் கழுவி எடுத்துப் பார்த்தால், சில நேரம் வானம் சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக, கோடு கோடாகத் தெரியும். இலை தழை நிறைந்த படத்தில் இது கண்ணில் படாது. வெறும் வானமும் வெள்ளைச் சுவரும்தான் காட்டிக்கொடுக்கும்.

முதலில் நெகட்டிவின் விளிம்பைப் பாருங்கள். அங்கே ஒளியே படாத ஓர் ஓரம் இருக்கும். கறை அந்த ஓரத்துக்கும் பரவியிருந்தால், ஃபிலிமை வைக்கும் ஹோல்டரிலோ இருட்டறையிலோ வெளிச்சம் புகுந்திருக்கிறது. ஓரம் தெளிவாக இருந்து, கேமராவின் பெல்லோஸிலும் ஓட்டை இல்லையென்றால், கழுவும் முறையைச் சந்தேகிக்கலாம்.

கழுவும் கரைசலான டெவலப்பர் வேலை செய்யச் செய்ய, ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்பிலிருந்து புரோமைடு பிரிந்து வருகிறது. அது அதே இடத்தில் தங்கினால் டெவலப்பரின் வேகம் மட்டுப்படும். அதனால்தான் அசைக்கச் சொல்கிறார்கள். ஃபிலிமை ஹேங்கரில் மாட்டித் தொட்டியில் இறக்குபவர் போதுமான அளவு அசைக்காவிட்டால், நெகட்டிவில் அடர்ந்த பகுதியிலிருந்து புரோமைடு கீழே வழியும். அந்த வழித்தடம் பிரிண்டில் கறுத்த கோடாக விழும். வேகமாகக் குலுக்கினாலும் ஆபத்துதான். ஹேங்கரின் துளைகள் வழியே டெவலப்பர் பீறிட்டு ஓரங்களை அதிகம் தாக்கும். பிரிண்டில் அங்கே வெளுத்த கீற்றுகள் தெரியும். ஹேங்கரை நிதானமாக முழுவதும் வெளியே தூக்கி, ஒருமுறை இடப்பக்கமும் அடுத்தமுறை வலப்பக்கமும் சாய்த்து வடித்து இறக்குவது நல்லது.

டிரேயில் கழுவுபவர்கள் தாள்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு டெவலப்பருக்கு மாற்றினால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. அந்தத் தண்ணீரும் டெவலப்பரும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். பிறகு சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல், அடியில் உள்ள தாளை உருவி மேலே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது தாள்களைத் திருப்பியும் வையுங்கள். பிரிண்டில் வட்டமான கறும்புள்ளிகள் வந்தால் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது என்று அர்த்தம். முன்கூட்டி ஊறவைப்பது அதையும் குறைக்கும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சங்கடம் உண்டு. டெவலப்பருக்கு வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரோ 30-ஐத் தாண்டிவிடும். சூடு ஏறினால் கழுவும் நேரம் சுருங்கும். அது 5 நிமிடத்துக்கும் கீழே போய்விட்டால், தொடக்கத்தில் டெவலப்பர் ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் பட்ட வித்தியாசத்தைச் சரிக்கட்ட அவகாசம் கிடைக்காது. டிரேயை ஐஸ் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக் குளிரச் செய்யலாம். 1927-இல் கோடாக் கொண்டுவந்த டி-76 போன்ற டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்தும் பயன்படுத்தலாம், நேரம் நீளும். ஆனால் ஃபிலிம் முழுவதும் மூழ்கும் அளவுக்குக் கரைசல் தாராளமாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லையா? ஒரே சீரான வெளிச்சம் விழும் சுவரை, ஃபோகஸ் இல்லாமல் இரண்டு தாளில் எடுங்கள். மூலையில் உள்ள வெட்டுக்குறியை இருட்டில் விரலால் தடவிப் பார்த்து, ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் தொட்டியில் இறக்குங்கள். இரண்டிலும் தொட்டியின் மேல்பக்கமே திட்டு விழுந்தால் தவறு கழுவலில். படத்தில் ஒரே மூலையில் விழுந்தால் கேமராவில். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டெவலப்பர், நேரம், அசைவு மூன்றையும் சேர்த்து மாற்றினால், திட்டு போனாலும் எதனால் போனது என்று தெரியாது; அடுத்த முறை அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.