திருநாளும் வீட்டுப் பாரமும்

(பங்கின் பொன்விழா ஆண்டில், திருவருகைக்கால முதல் ஞாயிறு மாலை நடைபெற்ற குடும்பத் தியானத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று காலைத் திருப்பலியில் முதல் மெழுகுதிரியை ஏற்றினோம். திருச்சபையின் வழிபாட்டு ஆண்டுக்கு இன்று முதல் நாள். ஆனால் நம் வீடுகளில் திருவருகைக்காலம் மெழுகுதிரியோடு தொடங்குவதில்லை. கணக்குத் தாளோடு தொடங்குகிறது. பிள்ளைகளுக்குத் துணி, தையற்கூலி, பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும், மருமகன் வந்தால் வேட்டி சட்டை, சுவருக்கு வெள்ளை, வாசலுக்கு நட்சத்திரம். கடைசி வரியில் கூட்டுத்தொகை எழுதும்போது வீட்டுத் தலைவரின் முகம் எப்படிப் போகிறது என்பது வீட்டுத் தலைவிக்குத் தெரியும். இந்த மாலையில் அந்தத் தாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆழ்ந்த மறையியலை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் முடிவிலிருந்தே பங்கு இல்லத்துக்கு வருகிறவர்களின் பேச்சில் ஒரு மாற்றம் தெரியும். "திருநாள் வருது, சாமி" என்று சொல்லுகிறவர்களில் பலர் அதை மகிழ்ச்சியாகச் சொல்லுவதில்லை. வட்டிக்காரர் வருகிறார் என்பதைப் போலச் சொல்லுகிறார்கள். மீட்பர் பிறந்த நாள் ஏன் இப்படி ஆயிற்று? பக்தி குறைந்துபோயிற்று என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அது உண்மையாகாது. பக்தி இருப்பதால்தான் எதையும் குறைக்க மனம் வருவதில்லை. சென்ற ஆண்டு எப்படியோ அப்படியே இந்த ஆண்டும் இருக்க வேண்டும், ஊரார் கண்ணுக்கு ஒரு படி கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். வீடோ சென்ற ஆண்டு இருந்தபடி இல்லை. ஒருவர் இறந்திருப்பார், ஒருவர் வேலை இழந்திருப்பார், ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போயிருப்பாள், ஒரு பையன் கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருப்பான். மாறிப்போன வீட்டில் மாறாத திருநாளைக் கொண்டாட முயலுகிறோம். அந்த இடத்தில்தான் பாரம் ஏறுகிறது.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம். தகுதியுள்ள தொழிலாளருக்குச் சட்டப்படி குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் உண்டு. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நம் பக்கத்தில் பெரும்பாலும் தீபாவளியையொட்டிக் கைக்கு வருகிறது. அண்டை வீட்டார் வெடி வெடிக்கும்போது நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அதில் கொஞ்சம் கரையும். மீதி பழைய கடனுக்குப் போகும். டிசம்பர் 10 ஆகும்போது கையில் ஒன்றுமிராது. அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. பெயர் அழகாகத்தான் இருக்கிறது; மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும்போதுதான் அது கடன் என்று தெரியும். இரண்டும் இல்லாதவர் நகையை அடகு வைக்கிறார், அல்லது கந்துவட்டிக்குப் போகிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டிக்காரர் தெருமுனையில் நிற்கிறார். பின்னாலேயே புத்தாண்டு, அதற்குப் பின்னால் பொங்கல். கிறிஸ்து பிறப்புக்கென்று வாங்கிய கடன் உயிர்ப்புப் பெருவிழா வரை உயிரோடிருக்கும் வீடுகள் நம் பங்கிலேயே உண்டு.

ஆகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கினால்தான் புதுத்துணி என்றால் இந்த ஆண்டு புதுத்துணி வேண்டாம். துவைத்துத் தேய்த்த சட்டையோடு நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து முன்வரிசையில் நில்லுங்கள். யாராவது கேட்டால், "எங்க சாமிதான் சொன்னார்" என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கள். தெருவுக்குத் தெரு குடில் போட்டி நடத்தும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு கிரேச்சோவில் குடில் அமைத்தபோது அங்கே இருந்தவை வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தாம். அதற்காக அவர் வீடு வீடாகச் சீட்டுப் புத்தகத்தோடு போனதாக நான் படித்ததில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தலைத் தீபாவளியைப் பார்த்து நாமும் "தலைக் கிறிஸ்துமஸ்" என்று ஒன்றை வைத்துக்கொண்டோம். மருமகனுக்கு மோதிரம், சம்பந்தி வீட்டாருக்குத் துணி, கூடை கூடையாகப் பலகாரம். அன்பாகக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கேட்டு வாங்குவதைச் சொல்லுகிறேன். வாய்திறந்து கேட்காமல், "எங்க பெரியவனுக்கு அவன் மாமனார் வீட்டில் என்ன செஞ்சாங்க தெரியுமா?" என்று கதை சொல்லுவதும் கேட்பதுதான். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களோடு சேர்த்துப் பார்த்தால், திருமணத்துக்குப் பின் அதன் பெயரால் கேட்பதையும் தடுக்கிறது. சம்பந்திமார் இதை நினைவில் வைக்கட்டும்.

அடுப்படிக்கு வருவோம். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள் ஒருசந்தி நாளாக இருந்தது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு ஒழுங்குகளைத் திருத்தியபோது அந்தக் கடமை நீங்கிற்று. ஒருசந்தி போன இடத்தில் எண்ணெய்ச் சட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. 24-ஆம் தேதி பகல் முழுவதும் முறுக்குப் பிழிந்து, அதிரசம் சுட்டு, இரவு பத்து மணிக்குக் குளித்து, பிள்ளைகளுக்கு உடுத்திக் கோவிலுக்குக் கூட்டிவரும் தாய், வானவர் கீதத்துக்கு மணி அடிக்கும்போது தூணில் சாய்ந்து தூங்குகிறாள். பீடத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. அவளை நான் எழுப்பமாட்டேன். மாவு இடிக்கவோ எண்ணெய்ச் சட்டி கழுவவோ கை கொடுக்காமல் பக்கத்திலே விழிப்பாக நிற்கும் அவள் கணவரைத்தான் எழுப்ப வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. திருச்சபை நமக்கு நீளமாகக் கொடுத்த திருநாளை நாம் ஒரே நாளுக்குள் திணிக்கிறோம். திருவழிபாட்டைப் பாருங்கள். டிசம்பர் 25-க்கே நள்ளிரவு, விடியல், பகல் என்று தனித்தனித் திருப்பலிகள். அதோடு முடியவில்லை, சனவரி முதல் நாள், மரியன்னை இறைவனின் தாய் பெருவிழா வரை எட்டு நாட்களும் கிறிஸ்து பிறப்பின் நாட்களே. அதன் பிறகு திருக்காட்சி விழா. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் இக்காலம் நிறைவடைகிறது. அத்தனை நாட்களும் குடில் கோவிலில் இருக்கிறது. நாமோ 25-ஆம் தேதி மாலையில் தலைவலித் தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறோம்.

இது வெறும் வழிபாட்டுச் செய்தி என்று எண்ணாதீர்கள். குடும்பச் சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வீட்டுக்குச் சந்திப்புக்குப் போயிருந்தேன். "அப்பா போன பிறகு அம்மா தனியா இருக்காங்க, அத்தை. திருநாளுக்கு ஒரு நாள் போயிட்டு வரட்டுமா?" என்று மருமகள் கேட்கிறாள். "திருநாளும் அதுவுமா மூத்த மருமக வீட்டில் இல்லேன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்கிறார் மாமியார். மகன் சுவரில் தொங்கும் காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பெண்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலண்டரைப் பார்த்த அவரும் சரியான இடத்தைத்தான் பார்த்தார். ஆனால் 25 என்ற எண்ணை மட்டும் பார்த்தார். அடுத்த ஞாயிறு திருக்குடும்ப விழா. 1893-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஏற்படுத்தி, 1921-இல் பதினைந்தாம் பெனடிக்ட் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கிய விழா. 1969-ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் அது கிறிஸ்து பிறப்பின் எட்டு நாட்களுக்குள் வரும் ஞாயிறுக்கு மாற்றப்பட்டது. அந்த ஞாயிறன்று இருவரும் அம்மா வீட்டில் இருந்து, அந்த ஊர்க் கோவிலில் பூசை கண்டு, அங்கே சாப்பிடட்டும். அது மிச்சம் மீதித் திருநாள் ஆகாது, அதுவும் திருநாளே. நாலு பேர் ஏதாவது நினைத்தால் அந்த நாலு பேரையும் என்னிடம் அனுப்புங்கள்.

இந்த எட்டு நாட்களுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் இதைக் கேட்க வேண்டும். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், டிசம்பர் 26, புனித ஸ்தேவான் விழா. கல்லெறிந்து கொல்லப்பட்டவரின் நாள். குருவானவர் முந்திய நாள் உடுத்திய வெள்ளை உடையைக் கழற்றி இரத்தச் சிவப்பு உடுத்துகிறார். 28-ஆம் தேதி, ஏரோதன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் விழா. ஆறுதல் கொள்ள மறுத்து அழும் தாயின் குரலை அன்று நற்செய்தியிலேயே வாசிக்கிறோம். இவ்வளவு மகிழ்ச்சியான வாரத்தில் இவ்வளவு கண்ணீரை ஏன் வைத்தார்கள்? அழுகிறவர்களும் குடிலுக்கு முன்னால் நிற்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் எண்ணுகிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டுத் திருக்குடும்ப விழாவும் அன்றுதான். அன்று காலைதான் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல் என்று நம் கடற்கரை ஊர்களில் முந்திய நாள் உடுத்திய புதுத்துணியின் மடிப்புக் கலையுமுன் குடும்பங்கள் சிதறிப்போயின. 2017-ஆம் ஆண்டு நவம்பர் முடிவில் ஓகிப் புயல் வந்தது. சில நாட்களில், டிசம்பர் 3-ஆம் தேதி, திருவருகைக்காலம் தொடங்கிற்று. கடலுக்குப் போனவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் குமரிக் கடற்கரையில் எத்தனையோ வீடுகள் அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பைக் கடந்தன. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கரையிலிருந்து நம் ஊருக்குக் குடிவந்து நம்மோடு அமர்ந்திருப்பவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு டிசம்பர் என்றால் என்ன என்பதை மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றே சொல்லுகிறேன்.

இந்த ஆண்டும் நம் பங்கில் சில வீடுகளில் முதல் வெறுமையான கிறிஸ்துமஸ் வருகிறது. "சாவு வீட்டில் நட்சத்திரம் கட்டலாமா, சாமி?" என்று கேட்கிறார்கள். கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். திருச்சபை இதில் யாருக்கும் கட்டளை இடவில்லை. அத்தைமாரும் சித்தப்பாமாரும்கூட இடாமலிருந்தால் நல்லது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். தந்தையை இழந்த பிள்ளை, "அப்பா கட்டுவாங்களே, அதே இடத்தில் கட்டுவோம்" என்று சொல்லக்கூடும். "இந்த வருஷம் வேண்டாம்" என்றும் சொல்லக்கூடும். இரண்டுமே அன்புதான். பலகாரம் சுடாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் தட்டை நீட்டிக்கொண்டே, "திருநாளன்னைக்கு அழக்கூடாதும்மா" என்று சொல்லாதீர்கள். அழட்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் பெயரை எல்லாரும் கவனமாக விழுங்கிக்கொண்டு பேசுவதுதான் அந்த வீட்டாருக்கு அதிக வேதனை.

வாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. திருநாளில் உறவினர் கூடும்போது நாம் கேட்கும் கேள்விகள் சில உண்டு. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவரிடம், "மறுபடி எப்போ பயணம்?" முப்பது கடந்த பெண்ணிடம், "எப்போ சோறு போடப் போறே?" பிள்ளையில்லாத தம்பதியிடம், "விசேஷம் ஒண்ணுமில்லையா?" எலிசபெத்தம்மாளும் இந்தக் கேள்வியைத் தம் ஊரில் எத்தனை ஆண்டுகள் கேட்டிருப்பாரோ! டிசம்பர் 19-ஆம் தேதி நற்செய்தியில் அவர் வரலாறு வரும், அன்றாவது நினைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. கேட்கப்படுபவர் அதற்கு அஞ்சியே, "லீவு கிடைக்கலே" என்று பொய் சொல்லி ஊருக்கு வராமல் இருந்துவிடுகிறார். பூசைக்கு வராத மகனிடமும், சாப்பாட்டுப் பந்தியில் உறவினர் முன்னிலையில் அதைக் கேட்க வேண்டாம். அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். முதலில் இலையைப் போடுங்கள்.

துயரம் வேறு, நோய் வேறு என்பதையும் குருவானவர் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வருகிறது என்றால், "செபமாலை சொல், சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். செபமாலையும் சொல்லுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண் 2022-ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே இருக்கிறது. இரவானாலும் பகலானாலும் கட்டணமின்றிப் பேசலாம். கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அதைக் குறித்துக்கொள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இந்த வாரத்தில் ஒரு மாலை, இரவுச் செபம் முடிந்ததும், அந்தக் கணக்குத் தாளை நடுவில் வைத்து வீட்டார் எல்லாரும் உட்காருங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். சென்ற கிறிஸ்துமஸுக்குப் பின் நம் வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று முதலில் பேசுங்கள். அதன் பிறகு தாளைப் பாருங்கள். எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்லட்டும். எது கட்டாயம் வேண்டும் என்றும் ஒன்று சொல்லட்டும். பெரியவர்கள் எதிர்பார்க்காத விடை வரும். அச்சு முறுக்கு வேண்டாம், ஆனால் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு சிறுவன் சொன்னால் வியப்படையாதீர்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வின்சென்ட் தே பவுல் சபையாரும் நானும் டிசம்பர் 27 முதல் திருக்காட்சி விழா வரை மாலை வேளைகளில் வீடு வீடாக வருகிறோம். நோயாளிகளுக்கு நற்கருணையும் கொண்டு வருவோம். இந்த ஆண்டு மரணம் நிகழ்ந்த வீடுகளுக்கும், வீட்டுத் தலைவர் வெளியூரில் இருக்கும் வீடுகளுக்கும் முதலில் வருவோம். பெயர்களைக் கோவில்பிள்ளையிடம் வரும் ஞாயிறுக்குள் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கென்று பலகாரம் எதுவும் செய்து வைக்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர் போதும்.