ஒவ்வொரு கோருக்கும் மூன்று எண்கள்



மரக்காணம் உப்பளத்தில் எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே அளவைச் சொல்ல முடியாது. கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. உப்பு படியத் தொடங்கும்போது சுமார் 25. பாத்தி பாத்தியாக அளந்தால்தான் நிலைமை தெரியும்.

கணினியின் நுண்செயலியும் அப்படித்தான். அதில் பல கோர்கள் உண்டு. ஆர்ம் நிறுவனம் 2011இல் அறிவித்த ‘பிக்.லிட்டில்’ முறையில், வேகமான பெரிய கோர்களும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்களும் ஒன்றாக இருக்கும். இன்றைய கைபேசிகள் பலவும் இவ்வகையே. விளம்பரத்தில் காணும் கிகாஹெர்ட்ஸ் எண் பெரும்பாலும் பெரிய கோருக்கு உரியது.

லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியே மூன்று எண்களைத் தருகிறது: வன்பொருள் எட்டக்கூடிய உச்ச அதிர்வெண், தற்போது அனுமதிக்கப்பட்ட உச்சம், இக்கணத்தில் ஓடும் வேகம். மின்கலத்தைக் காக்க அனுமதியைக் குறைத்தாலும் முதல் எண் பொதுவாக மாறாது.

இது வகுப்பறைக்கு ஏற்ற செயல்பாடு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ள மடிக்கணினி போதும். எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 20,00,000 என்றால் 2 கிகாஹெர்ட்ஸ். மாணவர்களே அலகு மாற்றிக் கோர்வாரியாக அட்டவணை இடட்டும், “எந்தக் கோர்? எந்த உச்சம்?” என்று கேட்கப் பழகட்டும்.

நாம் பதிவேட்டில் எழுதும் மதிப்பெண்ணும் அந்த நாளின் வேகம்தான், அதாவது மூன்றாவது எண். அதையே மாணவனின் உச்சம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நாம் விதித்த வரம்பு என்ன என்பதையும் பார்ப்போம்.